துக்க வீட்டில் சிரிப்பு வருகிற வழி

தாத்தாவின் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம். பந்தல்காரர் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். பின்வாசல் படியில் பேரப்பிள்ளைகள் நாலைந்து பேர். பிரசங்கம் ஆரம்பித்ததும் கண்ணை மூடி, ஆசீர்வாதம் கூறும் நேரத்துக்கு மிகச் சரியாக விழித்து, சபையிலேயே உரத்த குரலில் 'ஆமென்' போடுகிற தாத்தாவை ஒருவன் நடித்துக்காட்டுகிறான். இன்னொருவன் குறட்டையைச் சேர்க்கிறான். உள்ளே கட்டிலில் சாய்ந்திருக்கிற பாட்டிக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்த வேகத்திலேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் பார்க்கிறார். யாரும் பார்த்துவிடவில்லையே?

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் துக்க வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பார்வை தெரியும். சிரித்தால் செத்தவருக்குத் துரோகம், அழுதால் ஆண்டவர்மேல் விசுவாசக் குறைவு என்று இரண்டு பக்கமும் இடிபடுகிற பார்வை அது. அந்த இடுக்கில் அவரைக் கொண்டு நிறுத்துவது பெரும்பாலும் ஆறுதல் சொல்லப் போகிற நாம்தான். நாம் வசனத்தைக் கொண்டுபோகிறோம், வேடிக்கைப் பேச்சைக் கொண்டுபோகிறோம். கொண்டுபோக வேண்டியது சோறும் உடலுழைப்பும். வசனமும் சிரிப்பும் அந்த வீட்டுக்குள்ளிருந்தே வரும். வரும்போது பக்கத்தில் இருந்தால் போதும்.

நீதிமொழிகள் 25:20 இதைச் சுருக்கென்று சொல்கிறது. மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப் போலவும், வெடியுப்பின்மேல் வார்த்த காடியைப் போலவும் இருப்பானாம். அங்கே சொல்லப்படுவது சோடா வகை உப்பு. புளித்த காடி பட்டதும் பொங்கி நுரைக்கும். கொஞ்ச நேரத்தில் உப்பும் வீண், காடியும் வீண்.

துக்க வீடுகளில் அதிகமாக அடிபடும் வசனங்கள் மூன்று. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது முதலாவது. அதைச் சொன்னது பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு. பார்க்க வந்தவர்கள் அல்ல. அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். வாயைத் திறந்தபின் நடந்ததற்கு 42-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரிடமே திட்டு வாங்குகிறார்கள்.

இரண்டாவது, ரோமர் 8:28. சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் நாலாம் நாளே அதைச் சொன்னால், 'இதுவும் நல்லதுதான்' என்றுதான் அவள் காதில் விழும். மூன்றாவது, 1 தெசலோனிக்கேயர் 4:13. அதை வைத்துக்கொண்டு 'அழக்கூடாது' என்கிறார்கள். அதை எழுதிய பவுல் சொன்னது 'நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல' துக்கிக்க வேண்டாம் என்று. துக்கமே வேண்டாம் என்று அவர் எங்கும் எழுதவில்லை. இறந்துபோன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

சரி, போனால் என்ன பேசுவது? அதிகம் வேண்டாம். "மைனி, வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பதினைந்து நிமிஷம் போதும். 'அவுங்க', 'போனவுக' என்று சுற்றி வளைக்காமல் இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரை யாராவது சொல்ல மாட்டார்களா என்று அந்த வீடு காத்திருக்கும். கேட்கவே கூடாத கேள்வி, "எப்படி ஆச்சு? கடைசியா என்ன சொன்னாங்க?" காலையிலிருந்து அதை நாற்பது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். மருமகனோ அண்ணன் மகனோ ஒருவரை வாசலில் நிறுத்தி, வருகிறவர்களுக்கு அந்த விவரத்தை அங்கேயே சொல்லி அனுப்பச் செய்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

"எதுனாலும் சொல்லுங்க" என்பதும் பயனில்லாத பேச்சு. யாரும் சொல்ல மாட்டார்கள். "ரேஷன் கடைக்கு நான் போறேன், கார்டைக் கொடுங்க", "சின்னவனைப் பள்ளிக்கூடத்துல விட நாளைக்கு எட்டரைக்கு வாறேன்" என்று வேலையைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டான், தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஆண்டவர் பேசியதெல்லாம் அதற்கப்புறம்தான். இந்த வரிசையை அப்படியே பிடித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று நாள் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. சம்பந்தி வீடு, பக்கத்து வீடு, கோயில் (சர்ச்) ஆட்கள் என்று ஆளுக்கொரு வாளி சாம்பார் வந்து நிற்கும்; பாதி கெட்டுப்போகும். எட்டாம் நாள் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் கணக்குப் போட வேண்டியது எட்டாம் நாளிலிருந்துதான். வாரம் இரண்டு முறை என்று நாற்பதாம் நாள் வரை வைத்தால் ஏறக்குறைய பத்து முறை வரும். ஐந்து குடும்பங்கள் இருந்தால் வீட்டுக்கு இரண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வேளைக்கு அறுநூறிலிருந்து எழுநூற்றைம்பது கிராம் அரிசியில் வடித்த சோறு, ஒரு குழம்பு, ஒரு கூட்டு. அதைவிட உதவியானது 2 லிட்டர் இட்லி மாவும் கெட்டியான துவையலும். பசித்த நேரத்துக்கு அவர்களே ஊற்றிக்கொள்வார்கள். நல்ல எவர்சில்வர் தூக்கில் மட்டும் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. அதில் போட்டுக் கொடுக்க ஏதாவது செய்ய வேண்டுமே என்று அந்த அம்மா அடுப்படிக்குப் போய்விடுவார்.

காப்பி தனி விஷயம். 1 லிட்டர் பாலுக்குச் சின்ன டம்ளரில் பத்துக் காப்பி வரும். நாற்பது பேர் வந்து போகிற நாளில் 4 லிட்டர் பாலும் அதைக் காய்ச்சிக்கொண்டே இருக்க ஒரு ஆளும் வேண்டும். சுக்குக் காப்பியை ஒரே அண்டாவில் போட்டு வைப்பது சுலபம். கருப்பட்டி என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கம் நிறைய; ஏறும். வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அவருக்குத் தனியாகப் போடுங்கள். இதில் இன்னொரு ஆபத்து மாத்திரை. அழுகையும் கூட்டமுமாக இருக்கிற வீட்டில் பிரஷர் மாத்திரை மறந்துபோகும். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு சோறு சாப்பிடாமல் இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழுவார்கள். ஊர் அதைத் 'துக்கம் தாங்காம விழுந்துட்டா' என்று சொல்லும். மாத்திரை டப்பா ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். முதலில் கஞ்சி, அப்புறம் மாத்திரை.

துக்கத்தின் நடுவிலேயே சில்லறைத் தொல்லைகள் வரிசை கட்டுவதைப் பார்க்க ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் வந்து புலம்பி அழுகிறான். அடுத்த வசனத்திலேயே எழுந்துபோய் இடம் விலை பேச வேண்டியிருக்கிறது. எப்பெரோன் ஊர் வாசலில் எல்லோர் முன்னாலும் "நிலத்தைச் சும்மா தருகிறேன்" என்கிறான். ஆபிரகாம் விலை கேட்டதும், "அந்த நிலம் நானூறு சேக்கல் நிறை வெள்ளி பெறும், எனக்கும் உமக்கும் அது எவ்வளவு?" என்கிறான். நம் ஊர் நிலத்தரகர் யாரையாவது நினைத்துக்கொண்டு அந்த வரியை வாசித்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. பின்னாளில் எரேமியா ஒரு நிலத்தை 17 சேக்கலுக்கு வாங்குகிறான். ஆபிரகாம் மறுபேச்சுப் பேசாமல் நானூறையும் நிறுத்துக் கொடுத்தான். பிரேதத்தை வைத்துக்கொண்டு பேரம் பேச யாருக்குத் தெம்பிருக்கும்?

அந்தத் தெம்பை வெளியிலிருந்து கொடுப்பதும் ஊழியம்தான். பெட்டி, ஐஸ் பெட்டி வாடகை, குழி வெட்டுக் கூலி, வண்டி, பந்தல் என்று எல்லாவற்றையும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் பேசி முடிக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் முப்பதாம் நாள் அண்ணன் தம்பிக்குள் வரும் மனஸ்தாபம் பாதி குறையும். சபைச் சந்தா பாக்கியைச் சபை மன்றம் அந்த நேரத்தில் எடுத்துப் பேசுவது அசிங்கம். பாக்கி இருந்தால் அந்த மாமாவிடம் சொன்னால் போதும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. முப்பது நாள் வரை தாமதக் கட்டணத்தோடு முடியும். அதற்கு மேல் மேலதிகாரியின் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் நடுவரின் உத்தரவு என்று சிக்கல் கூடிக்கொண்டே போகும். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ., ஊர் பெரிதானால் நகராட்சி சுகாதாரப் பிரிவு. கோயில் அடக்கப் பதிவேட்டில் ஏறிவிட்டதால் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாங்க்கில் அது செல்லாது.

நம்மவர்களுக்கென்றே உள்ள தொந்தரவு பெயர். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் அப்பா பெயரோடு சேர்த்து இன்னொன்று என்று இருக்கும். பதிவு செய்யப் போகும்போதே ஆதாரை எடுத்துப்போய், பாங்க் புத்தகத்தில் உள்ள எழுத்துகளோடு ஒத்துப்பார்த்துக் கொடுங்கள். பிற்பாடு ஒரு எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் அலைய நேரும். சான்றிதழில் பத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இறந்தவரின் செல்போன் சிம்மை உடனே நிறுத்திவிடக் கூடாது. பாங்க், கேஸ், இன்சூரன்ஸ் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவுகளை வேறொரு இடத்தில் சேமித்து வையுங்கள். "தயிர் வாங்கிட்டு வா, பாக்கெட் தயிர் வேண்டாம்" என்கிற பத்து வினாடிக் குரல், ஆறு மாதம் கழித்துப் பெரிய போட்டோவைவிட அந்த வீட்டுக்கு வேண்டியதாக இருக்கும்.

இனி ஜெபம். வீட்டு ஜெபத்துக்கு இருபத்தைந்து நிமிஷம் தாராளம். இரண்டு பாட்டு, கைத்தாளம் இல்லாமல், சுருதியைக் கொஞ்சம் இறக்கி, ஒரு சங்கீதம், ஐந்து நிமிஷப் பேச்சு, ஒரு ஜெபம். கெட்டுப்போவது எப்போதும் பேச்சில்தான். வந்திருக்கிற உறவினர்களை மனந்திரும்ப வைக்க இதுதான் சமயம் என்று யாராவது நினைத்துவிட்டால் முக்கால் மணி நேரம் போய்விடும். பவுலே நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் அவனை உயிரோடு எழுப்பினார். நமக்கு அந்த வரம் இல்லை.

வாசிக்க 13-ஆம் சங்கீதம் போதும். ஆறே வசனம். அதன் கட்டு கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு மாதிரி. முதல் இரண்டு வசனத்தில் புகார். "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று நான்கு தடவை. அடுத்த இரண்டில் கோரிக்கை: நோக்கிப்பாரும், செவிகொடும். கடைசி இரண்டில்தான் "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்". நாம் செய்கிற தப்பு, கடைசி இரண்டை முதல் நாளே வாசிப்பது. முதல் வாரத்தில் நான்கு வசனத்தோடு நிறுத்தி, "யாருக்காவது ஆண்டவரிடம் கேட்க வேண்டியது இருந்தால் கேட்கலாம்" என்று விட்டுப்பாருங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். பிறகு மகன் வாயைத் திறந்து, "ஏன் ஆண்டவரே, ரெண்டு நாள் முன்னாடி டாக்டர்ட்ட போயிருந்தா..." என்று ஆரம்பிப்பான். அவனைத் திருத்தாதீர்கள். யாரிடம் சொன்னால் நடக்கும் என்று நம்புகிறோமோ அவரிடம்தானே மனு கொடுக்கிறோம். ஐந்தாம் ஆறாம் வசனங்களை என்றைக்கு வாசிப்பது என்பதை அந்த வீடே முடிவு செய்யட்டும். சில வீடுகளில் ஒரு வருஷம் ஆகும். 88-ஆம் சங்கீதம் நம்பிக்கை வசனத்துக்கு வந்து சேராமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஒப்பாரியைப் 'புறமதப் பழக்கம்' என்று நாம் வீட்டுக்கு வெளியே தள்ளிவிட்டோம். எரேமியா 9-ஆம் அதிகாரத்தில் புலம்பற்காரிகளைக் கூப்பிடுங்கள் என்று சொல்வது சேனைகளின் கர்த்தர். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடியது ஒப்பாரி இல்லாமல் வேறென்ன? பாட்டி ராகம் போட்டு அழுதால் மைக்கை எடுத்துக் கீர்த்தனை பாடி அமுக்காதீர்கள். அந்த ஒப்பாரிக்குள்ளேயே புருஷனைக் கேலி செய்கிற வரி ஒன்று வந்து விழும், கவனித்துக் கேளுங்கள்.

சிரிப்புக்கு இரண்டு மூன்று வரம்பு உண்டு. முதல் சிரிப்பு வீட்டாருடையதாக இருக்க வேண்டும். அவர்கள் ஒன்று சொன்னால் நாம் சிரிக்கலாம், நமக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொல்லலாம். அவர்களை முந்தக் கூடாது. பேச்சு இறந்தவரின் பிரியமான கோணல்களைப் பற்றி இருக்கட்டும்: குடையைக் கோயிலில் மறப்பது, ஐம்பது ரூபாய்க் காணிக்கை போட்டுவிட்டு முப்பது சில்லறை எடுப்பது. நோய், விபத்து, கடன், சொத்து, விதவையின் எதிர்காலம் இவற்றில் வேடிக்கை ஆகாது. குழந்தையோ வாலிபனோ இறந்த வீட்டில் மாதக்கணக்கில் சிரிப்பை எதிர்பார்க்கவே வேண்டாம். சும்மா உட்கார முடியாமல் தன் சங்கடத்தை மறைக்க ஜோக் அடிக்கிற ஆண்கள் எல்லா உறவிலும் ஒருவர் இருப்பார். அவரை நாற்காலி எடுத்துப் போட அனுப்பிவிடுங்கள். நன்றாக வேலை செய்வார்.

ஊர் வாய் பெண்களிடம்தான் அதிகம் நீளும். மனைவி இறந்த பத்தாம் நாள் டீக்கடையில் சிரிக்கிறவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். புருஷன் இறந்து மூன்று மாதம் கழித்துச் சிரித்தவளைப் பற்றிக் கோயில் வாசலிலேயே பேசுவார்கள். வேதத்தில், வயதான காலத்தில் பிள்ளை பிறக்கும் என்று ஆண்டவர் சொன்னபோது சாராள் சிரித்தாள், அதுவும் நம்பாமல். கேட்டபோது பயந்து "நான் நகைக்கவில்லை" என்றாள். "இல்லை, நீ நகைத்தாய்" என்று அவர் விடவில்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர்; 'நகைப்பு' என்றுதான் அர்த்தம். கட்டிலில் வாயைப் பொத்துகிற பாட்டியிடம் சொல்ல ஒரு கதை வேண்டுமானால் இதைச் சொல்லலாம், அதுவும் அவர் கேட்டால்.

பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குறாங்க" என்று சொல்லாதீர்கள். வேதம் நித்திரை என்கிறது, பெரியவர்களுக்குப் புரியும். ஐந்து வயதுப் பிள்ளை ராத்திரி தூங்கப் பயப்படும். "நல்ல பூவைத்தான் ஆண்டவர் பறிப்பார்" என்றால் அது ஆண்டவரைக் கண்டு பயப்படும். "இறந்துட்டாங்க, இனிமே வர மாட்டாங்க, நாம அழலாம்" என்று நேராகச் சொல்லுங்கள்.

கூட்டம் போன பிறகு வரும் மாதங்கள்தான் நீளம். பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்து ஒன்றைத் திருப்பி வைக்கிற காலைகள் அவை. வாரக்கணக்கில் சாப்பாடு, தூக்கம் இல்லை, 'நானும் போயிடணும்' என்ற பேச்சு வருகிறது என்றால் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. கல்லறை கட்ட அவசரப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று போய் மண் இறங்கிய பிறகு கட்டினால்தான் வெடிக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மண்மேட்டைக் கூட்டிச் சுத்தம் பண்ணி, மெழுகுவர்த்தி வைத்தாலே போதும்.

முதல் கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டில் ஸ்டார் கட்ட மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போகிற வாலிபர்கள் பெரும்பாலும் டிரம்ஸை நிறுத்திவிட்டு அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். மரியாதை என்று நினைத்துத்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அது வேறு மாதிரி படும். இரண்டு நாள் முன்னால் ஒருவர் போய், "வரலாமா, பெரியம்மா?" என்று கேட்டுவிடுங்கள். வரச் சொன்னால் மெதுவான பாட்டு ஒன்று, சின்ன ஜெபம். கிறிஸ்மஸ் தாத்தா ஆட வேண்டாம். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மிட்டாய்ப் பையோடு கேட்டுக்கு வெளியே நிற்கட்டும். வேஷம் போட்டிருப்பது யார் வீட்டுப் பையன் என்று பெரியம்மா எட்டிப் பார்ப்பார். "தாடி எங்கல?" என்று அவர் கேட்டால் உள்ளே வரலாம்.